இருட்டு நாட்டில் பிறந்த சிரிக்கும் மெட்டு

பகல் மணி 3. தெருவில் விளக்கு எரிகிறது. கடைகளில் விளக்கு எரிகிறது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் இருட்டில் நடந்து வீட்டுக்கு வருகிறார்கள்.

புயலா? இல்லை. கிரகணமா? அதுவும் இல்லை. சுவீடன் நாட்டின் தலைநகரமான ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதம் முழுவதும் இப்படித்தான்!

அங்கே அந்த மாதத்தில் காலை எட்டே முக்கால் மணிக்குத்தான் சூரியன் எழுந்திருக்கிறான். பிற்பகல் 3 மணி அடிப்பதற்குள் மறைந்து விடுகிறான். ஆக மொத்தம் 6 மணி நேரம்தான் பகல். அந்த 6 மணி நேரத்திலும் அவன் உச்சிக்கு வருவதே இல்லை. கூச்சப்படும் புது மாப்பிள்ளை போல அடிவானத்தை ஒட்டிக்கொண்டே நடந்து, அந்தப் பக்கமாகப் போய் விடுகிறான்.

இன்னும் வடக்கே போனால் கிரூனா என்று ஓர் ஊர். அங்கே மார்கழிக் குளிரில் ஏறக்குறைய 3 வார காலம் சூரியன் தலை காட்டுவதே இல்லை.

ஆனால் அதே நாட்டில் ஜூன் மாதம் வந்து விட்டால் எல்லாம் தலைகீழ்! ஸ்டாக்ஹோமில் பதினெட்டரை மணி நேரம் வெயில். இரவு 11 மணிக்கு வாசலில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கலாம். கிரூனாவிலோ ஒன்றரை மாதம் சூரியன் மறைவதே கிடையாது.

இந்த நாட்டில் பிறந்த ஒரு மெட்டு உலகம் முழுவதும் சுற்றி வந்தது. அதைக் கேட்டவர்கள் கோடிக் கணக்கில் இருப்பார்கள். அதை ஆக்கியவர் பெயரைக் கேட்டால் மட்டும் பெரும்பாலானவர்கள் விழிப்பார்கள். கேட்டவுடன் காலால் தாளம் போட வைக்கும் குறும்பான மெட்டு அது. அந்தச் சிரிப்புக்கு அடியில் ஓர் இருட்டும் இருக்கிறது. அந்தக் கதை இதோ.

தையற்காரர் மகன்

அவர் பெயர் ஹ்யூகோ ஆல்வேன். 1872-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தகப்பனார் ஒரு தையற்காரர்.

பையனுக்கு 2 விஷயங்களில் ஆசை. ஒன்று, படம் வரைவது. இன்னொன்று, பிடில். இரண்டையும் விடாமல் படித்தான். 15 வயதில் சங்கீதக் கல்லூரியில் சேர்ந்தான். 18 வயதில் ராஜாவின் நாடக மன்றத்து வாத்திய கோஷ்டியில் பிடில் வாசிக்கும் உத்தியோகம் கிடைத்தது.

அந்த வயதில் அது பெரிய உத்தியோகம். ஆனாலும் 2 வருஷத்தில் அதை விட்டு விட்டார். பிறர் எழுதியதை வாசித்தால் போதாது, தானே எழுத வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக் கொண்டது. தூரிகையை மட்டும் அவர் கடைசி வரை விடவில்லை. நீர்வண்ணப் படங்கள் வரைந்து கொண்டே இருந்தார். அவருடைய சங்கீதத்தைக் கேட்டால், “இவர் காதால் எழுதவில்லை, கண்ணால் எழுதியிருக்கிறார்” என்று தோன்றும். அதற்குக் காரணம் இதுதான்.

(அந்தக் குடும்பத்தில் மூளைக்குப் பஞ்சமில்லை. 1970-ம் ஆண்டு பவுதிகத்துக்காக நோபல் பரிசு பெற்ற ஹன்னஸ் ஆல்வேன், இவருடைய சகோதரர் மகன்தான்!)

பனிக்கட்டிச் சிறை

ஸ்டாக்ஹோமுக்குக் கிழக்கே கடல். அந்தக் கடலில் வாரி இறைத்தது போல் தீவுகள். சிறிதும் பெரிதுமாக எண்ணினால் 30 ஆயிரம் வரை போகும். சில தீவுகளில் ஊர் உண்டு. சிலவற்றில் ஒரே ஒரு வீடு. சிலவற்றில் ஒரு பாறையும் 4 பறவைகளும்தான்!

இந்தத் தீவுகளில் வாழ்ந்தவர்கள் மீன் பிடித்தார்கள். கொஞ்சம் நிலம் உழுதார்கள். கோடையில் படகில் போவார்கள், வருவார்கள். குளிர் காலத்தில் கடல் உறைந்து விடும். அப்போது பனிக்கட்டியின் மேலேயே நடந்தும், சறுக்கு வண்டியிலும் போவார்கள்.

மிகவும் கொடுமையானது இரண்டுக்கும் நடுவே வரும் காலம். பனிக்கட்டி இருக்கும், ஆனால் ஆள் நடந்தால் உடைந்து விடும். தண்ணீர் தெரியும், ஆனால் படகு போக முடியாது. சில வாரங்கள் இப்படியே கழியும். அந்த நாட்களில் வெளித் தீவுகளில் இருந்தவர்கள் சிறையில் இருப்பவர்கள் மாதிரிதான். கடிதம் வராது. வைத்தியர் வர முடியாது. யாராவது இறந்து விட்டால் கூட, மாதா கோவில் இருக்கும் தீவுக்கு எடுத்துப் போக வழி இல்லை. பனி உருகும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வீட்டுக்குள்ளே ஓர் அடுப்பு. அதைச் சுற்றிக் குடும்பம். ஆண்கள் வலை பின்னுவார்கள். பெண்கள் நூல் நூற்பார்கள். யாராவது ஒரு கிழவர் சுவரில் மாட்டியிருக்கும் பிடிலை எடுப்பார். அப்பா வாசித்தது, அப்பாவின் அப்பா வாசித்தது என்று வழிவழியாக வந்த மெட்டுகள். ஏட்டில் எழுதியது எதுவும் கிடையாது. எல்லாம் காதில் விழுந்து, விரலில் இறங்கியது.

அந்தக் குளிரை மனதில் வைத்துக் கொண்டால்தான், அவர்கள் ஏன் கோடையில் அப்படிக் குதிக்கிறார்கள் என்பது புரியும்.

தூங்காத இரவு

ஆண்டில் மிக நீண்ட பகல் வரும் சமயத்தில் ஒரு திருநாள். நடுக்கோடைத் திருநாள் என்று பெயர். சுவீடன் மக்களுக்குக் கிறிஸ்துமசுக்கு அடுத்தபடி இதுதான் பெரிய பண்டிகை. முன்பெல்லாம் ஜூன் 24-ந் தேதி அன்றுதான் கொண்டாடுவார்கள். 1953-ம் ஆண்டு முதல், ஜூன் 20-க்கும் 26-க்கும் இடையே வரும் சனிக்கிழமை என்று மாற்றி விட்டார்கள்.

உயரமான ஒரு கம்பத்துக்கு இலையும் பூவும் சுற்றி, ஊர் கூடித் தூக்கி நிறுத்துவார்கள். அதைச் சுற்றி ஆட்டம். கல்யாணம் ஆகாத பெண்கள் அன்று இரவு 7 வகைப் பூக்களைப் பறித்துத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவார்கள். வரப்போகும் கணவன் கனவில் தோன்றுவான் என்பது நம்பிக்கை. ஆனால் பாதிப் பெண்கள் அன்று தூங்கவே மாட்டார்கள். இரவு என்று ஒன்று வந்தால்தானே தூங்குவதற்கு!

1892-ம் ஆண்டு கோடையில், அந்தத் தீவுப் பக்கத்தில் நடந்த ஒரு கொண்டாட்டத்தை ஆல்வேன் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 20. பிடில் சத்தம், குடி, கூத்து, சண்டை, காதல் எல்லாவற்றையும் பார்த்தார். ஆனால் உடனே ஒன்றும் எழுதவில்லை. மனதில் போட்டு வைத்தார்.

அது வெளியே வருவதற்கு 11 வருஷம் ஆயிற்று.

அடுத்த வீட்டு ஓவியர்

1903-ம் ஆண்டு. ஆல்வேன் தன் நாட்டில் இல்லை. டென்மார்க் நாட்டின் வட கோடியில் ஸ்காகென் என்ற மீனவர் ஊரில் இருந்தார். கடல் வெளிச்சம் அழகாக இருக்கும் என்பதால் ஓவியர்கள் தேடிப் போகும் ஊர் அது. அங்கே குரோயர் என்ற பெயர் பெற்ற ஓவியர் வசித்தார். அவர் மனைவி பெயர் மரியா. அவரும் ஓவியர். பேரழகி.

ஆல்வேனுக்கும் மரியாவுக்கும் காதல் ஏற்பட்டு விட்டது. குரோயரோ மனநோயால் அவதிப்பட்டுக் கொண்டிருந்தார். மூன்று பேருக்கும் நிம்மதி இல்லை. 1905-ல் மரியா விவாகரத்துப் பெற்றார். ஆல்வேனை அவர் மணந்தது 1912-ல். அந்த மணமும் நிலைக்கவில்லை. 1936-ல் அவர்களும் பிரிந்தார்கள்.

யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மனதில் இத்தனை கொந்தளிப்பு இருந்த அந்தக் கோடையில்தான், உலகத்திலேயே மிகவும் கவலையற்ற மெட்டு ஒன்றை அவர் எழுதினார்! “நடுக்கோடை விழிப்பு” என்று அதற்குப் பெயர் வைத்தார். சுவீடிஷ் மொழியில் “மிட்சொம்மர்வாகா”. அதன் இன்னொரு பெயர், “சுவீடன் ராப்சடி”.

தைத்த பாட்டு

ராப்சடி என்றால் என்ன? அது ஒரு பழைய கிரேக்கச் சொல். “தைத்த பாட்டு” என்று பொருள். அந்தக் காலத்தில் கிரேக்க நாட்டில் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர்கள், ஒரு கதையோடு இன்னொரு கதையை ஒட்டுப் போட்டுத் தைத்துப் பாடுவார்கள். அதிலிருந்து வந்த பெயர்.

பிற்காலத்தில், நாட்டுப்புற மெட்டுகளை எடுத்து ஒன்றோடு ஒன்று கோத்துப் பெரிய வாத்திய கோஷ்டிக்காக எழுதுவதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். தையற்காரர் மகனுக்குத் தைத்த பாட்டு நன்றாக வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது!

ஆல்வேன் கிராமத்து மெட்டுகளை அப்படியே வெட்டி ஒட்டவில்லை. சிலவற்றை எடுத்தார், சிலவற்றை அந்தச் சாயலில் தாமே போட்டார். எது பழைய துணி, எது புதிய துணி என்று தையல் தெரியாமல் தைத்து விட்டார்.

12 நிமிடத்தில் ஓர் இரவு

மொத்தம் 12 நிமிடம், 13 நிமிடம் ஓடும். அதற்குள் ஓர் இரவு முழுவதும் அடங்கி விடுகிறது.

முதலில் பிடில்காரர்கள் வில்லை எடுப்பதில்லை. தந்திகளை விரலால் சுண்டுகிறார்கள். “டுங்... டுங்...” என்று தாளம் மட்டும் கேட்கும். அதன் மேல் கிளாரினெட் என்ற குழல் ஒரு மெட்டை ஊதிக்கொண்டு வரும். பண்டிகைச் சட்டை போட்டுக் கொண்டு ஒரு பையன் துள்ளித் துள்ளி வருவது போல் இருக்கும். இதுதான் உலகம் சுற்றிய மெட்டு.

அந்தப் பையன் பின்னால் இன்னொருவன் வருகிறான். பிறகு இன்னொருவன். ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்ந்து கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் கூடி விடுகிறது.

அப்புறம் தடித்த குரலில் ஒரு வாத்தியம். பசூன் என்று பெயர். வயதான குடிகாரர் ஒருவர் நானும் ஆடுவேன் என்று நடுவில் நுழைவது போல இருக்கும். கால் ஒரு பக்கம் போகிறது, உடம்பு இன்னொரு பக்கம் போகிறது! குழந்தைகள் இந்த இடத்தில் நிச்சயம் சிரிப்பார்கள்.

குடி வந்தால் சண்டை வராமல் இருக்குமா? வருகிறது. ஒரு வாத்தியம் சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. மூன்றாவது ஒன்று குறுக்கே பாய்கிறது. சட்டையைப் பிடிக்கிறார்கள். சத்தம் உச்சத்துக்குப் போகிறது.

சட்டென்று எல்லாம் அடங்கி விடுகிறது.

ஒரு வாலிபனும் ஒரு பெண்ணும் கூட்டத்தை விட்டு நழுவி, காட்டுப் பக்கம் போகிறார்கள். ஆட்டச் சத்தம் பின்னால் தேய்ந்து போகிறது. இப்போது இங்கிலீஷ் ஹார்ன் என்ற ஒரு வாத்தியம் தனியாகப் பேச ஆரம்பிக்கிறது. பெயர்தான் இங்கிலீஷ் ஹார்ன். அது கொம்பும் அல்ல, இங்கிலாந்தில் பிறந்ததும் அல்ல. நாதஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் மரக்குழல். ஆனால் நாதஸ்வரத்தின் கம்பீரம் இதற்கு இல்லை. ரகசியம் சொல்கிற குரல். அழுது முடித்தவர்கள் பேசுவது போன்ற குரல்.

என்னைக் கேட்டால் இந்த இடம்தான் இந்தப் பாட்டின் உயிர். முன்னால் வந்த சிரிப்பு மெட்டு காலைப் பிடிக்கும். இது நெஞ்சைப் பிடிக்கும். தூங்காத வெளிச்சத்தில், அந்த இருவரும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வெளிச்சம் நிலைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். நாளையிலிருந்து பகல் குறைய ஆரம்பித்து விடும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மறுபடியும் அந்த அடுப்பங்கரை, அந்தப் பனிக்கட்டி, அந்த 3 மணி இருட்டு. வேனில் காலத்துப் பாட்டில் குளிர் காலம் வந்து உட்கார்ந்திருக்கும் இடம் இது.

பிறகு விடிகிறது. மறுபடியும் ஆட்டம். இந்தத் தடவை வேகம் அதிகம். கடைசியில் நிறுத்தவே முடியாத சுழற்சி. பூமியே சுற்றுகிறதோ என்று நினைக்கும்போது, “டக்” என்று முடிந்து விடுகிறது.

1904-ம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் இது அரங்கேறியது. பெரிய வெற்றி. அதுவரை ஆல்வேன் 2 பெரிய சிம்பனிகள் எழுதியிருந்தார். அவற்றையும் மெச்சினார்கள். ஆனால் சாதாரண மக்கள் வாயில் அவர் பெயரை ஏற்றியது இந்தத் தைத்த பாட்டுதான்.

சைத்தான் வாத்தியம்!

இங்கே இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். ஆல்வேன் இதை எழுதிய சமயத்தில், கிராமத்துப் பிடிலுக்கே சுவீடனில் ஆபத்து வந்திருந்தது.

முதல் காரணம் வறுமை. 1867-ல் கோடை தவறிப் போயிற்று. பனி உருகத் தாமதமாகி, விதைத்தது விளையவில்லை. அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. பஞ்சம். ஜனங்கள் மரப்பட்டையை அரைத்து மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். ஆயிரம் ஆயிரமாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1850-க்குப் பிறகு ஏறக்குறைய 80 ஆண்டுகளில் இப்படிப் போனவர்கள் சுமார் 13 லட்சம் பேர். 1900-ல் அந்த நாட்டின் ஜனத்தொகையே 51 லட்சம்தான் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்! வாசிக்கிறவரும் போனார், ஆடுகிறவரும் போனார்.

இரண்டாவது காரணம், புதிதாக வந்த அக்கார்டியன் பெட்டி. விலை மலிவு. சத்தமோ அதிகம். அந்தப் பெட்டியை ஒருவன் இழுத்து வாசித்தால், பக்கத்தில் 4 பிடில் வாசித்தாலும் காதில் விழாது. சொந்தத் தாளமும் சொந்த வளைவும் உள்ள பழைய மெட்டுகள் அந்தப் பெட்டியில் வராது.

மூன்றாவது காரணம்தான் விசித்திரம். பக்தி இயக்கங்கள் கிராமம் கிராமமாகப் பரவின. “பிடில் வாசித்தால் ஆட்டம் வரும். ஆட்டம் வந்தால் குடி வரும். குடி வந்தால் பாவம் வரும். ஆகவே பிடில் சைத்தானின் வாத்தியம்” என்று பேசினார்கள். குடியால் அழிந்த குடும்பங்கள் உண்மையிலேயே இருந்தன. அதனால் அந்தப் பேச்சு எடுபட்டது. பிடிலைத் தாமே அடுப்பில் போட்டு எரித்தவர்கள் உண்டு. பரணில் போட்டுப் பூட்டியவர்கள் உண்டு. பாட்டனார் மெட்டுகளும் அந்தப் பரணிலேயே செத்துப் போயின.

நீர்ப்பேயும் ஆட்டுக் காலும்

சைத்தான் என்று சொன்னது சும்மாவும் அல்ல. வடநாடுகளில் நெடுங்காலமாக ஒரு கதை வழங்கி வந்தது. ஓடையிலும் அருவியிலும் ஒரு நீர்ப்பேய் இருக்கிறதாம். உலகத்திலேயே அதற்கு நிகராகப் பிடில் வாசிப்பவர்கள் கிடையாதாம். வித்தை கற்க வேண்டுமானால், இரவில் தனியாகப் போய் ஓர் இறைச்சித் துண்டைக் காணிக்கை தர வேண்டும்.

நல்ல சதைப் பற்றுள்ள துண்டைக் கொடுத்தால், பேய் விரலைப் பிடித்து ரத்தம் வரும் வரை தந்தியில் தேய்த்துச் சொல்லிக் கொடுக்கும். அப்புறம் அவன் வாசித்தால் மரமும் ஆடும். கஞ்சத்தனம் செய்து வெறும் எலும்பைக் கொடுத்தாலோ, சுருதி சேர்ப்பதை மட்டும் சொல்லிக் கொடுத்து விட்டு மறைந்து விடும். அவன் ஆயுள் முழுவதும் சுருதி சேர்த்துக் கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்!

ஓவியர் கொடுத்த பரிசு

பிடிலைக் காப்பாற்ற முன்வந்தவர்களில் ஒருவர் அன்டர்ஸ் சோர்ன். இவரும் ஓவியர்தான். அமெரிக்க ஜனாதிபதிகளையே எதிரே உட்கார வைத்துப் படம் வரைந்தவர். சுவீடன் நடுவே டாலர்னா என்ற மாகாணத்தில் மோரா என்ற ஊரைச் சேர்ந்தவர். நடுக்கோடை இரவில் ஊர் ஜனங்கள் ஆடுவதை 1897-ல் பெரிய படமாகவே வரைந்திருந்தார்.

கண் எதிரே பழைய வித்துவான்கள் மறைந்து வருவதை அவர் பார்த்தார். 1906-ம் ஆண்டு, ஏரிக் கரையில் உள்ள கெசுண்டா என்ற இடத்தில் ஒரு போட்டி வைத்தார். பழைய மெட்டுகளைப் பழைய வாத்தியங்களில் வாசிக்க வேண்டும். நன்றாக வாசித்தால் பரிசு! பரணில் கிடந்த பிடில்கள் கீழே இறங்கின. மாடு மேய்க்கிறவர்கள் ஊதும் கொம்புகளும் வந்தன. 1910-ல் நாடு முழுவதும் உள்ள பிடில்காரர்கள் ஸ்டாக்ஹோமில் கூடினார்கள். அவர்களுக்குப் பதக்கம் கொடுத்தார் சோர்ன். அவர் பெயரில் பிடில்காரர்களுக்குப் பதக்கம் வழங்கும் வழக்கம் அங்கே நிலைத்து விட்டது.

இன்னொருவர் நில்ஸ் ஆண்டர்சன். லுண்ட் என்ற நகரத்தில் உத்தியோகம் பார்த்தவர். லீவு கிடைத்தால் போதும். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொண்டு கிராமத்துக்குப் போய் விடுவார். கிழவர்கள் வாசிக்க வாசிக்க எழுதிக் கொள்வார். அவர் தொடங்கிய வேலை 24 புத்தகங்களாக வந்தது. ஏறக்குறைய 8 ஆயிரம் மெட்டுகள்! ஆனால் முதல் புத்தகம் வெளிவந்தது 1922-ல். ஆண்டர்சன் காலமானது 1921-ல். அந்தப் புத்தகங்களை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஆல்வேனின் பாட்டு அந்தப் போட்டிக்கும் அந்தப் புத்தகங்களுக்கும் முந்தியது. நகரத்துப் பெரிய மனிதர்கள், கழுத்துப் பட்டை கட்டிக் கொண்டு மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, “நம் கிராமத்தில் இவ்வளவு இருக்கிறதா?” என்று கேட்டார்கள். பரணில் கிடந்த மெட்டுக்கு அங்கே மரியாதை கிடைத்தது.

இதிலும் ஒரு குறை சொல்லலாம். ஊர்க் கிழவர் வாசிக்கும்போது சுரம் சற்று ஏறியும் இறங்கியும் நிற்கும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வளையும். 60, 70 பேர் சேர்ந்து தாளைப் பார்த்து வாசிக்கும்போது அந்த வளைவு நேராகி விடும். சலவை செய்து இஸ்திரி போட்ட கிராமம் அது! ஆனால் அந்த இஸ்திரி இல்லாவிட்டால், கடல் கடந்தவர்கள் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பாரிசில் நாட்டியம், லண்டனில் இசைத்தட்டு

1920-ம் ஆண்டு ஒரு சுவீடன் நாட்டியக் குழு பாரிஸ் நகரம் போயிற்று. ரோல்ப் டி மாரே என்ற பணக்காரர் நடத்திய குழு. ஆல்வேனின் இந்தப் பாட்டுக்கு நடனம் அமைத்து மேடையில் ஆடினார்கள். தீவுக் கிராமத்துக் கம்பம் பாரிஸ் மேடையில் நின்றது.

பிறகு 1953. அப்போது ஆல்வேனுக்கு வயது 81. அந்த ஆண்டு லண்டனில் மாண்டோவானி என்ற வாத்திய கோஷ்டித் தலைவர், முதலில் வரும் சிரிப்பு மெட்டை எடுத்து இசைத்தட்டாகப் போட்டார். பிரிட்டனில் விற்பனைப் பட்டியலில் 2-வது இடத்துக்கு வந்து விட்டது! அமெரிக்காவில் பெர்சி பெய்த் என்பவர் தம் பங்குக்கு ஒரு தட்டுப் போட்டார. செட் அட்கின்ஸ் கிட்டாரில் வாசித்தார். ரேடியோவைத் திருப்பினால் அதே மெட்டு.

ஒரு தட்டில் ஒரு பக்கம் ஓடுவது 3 நிமிடம். 12 நிமிடச் சங்கீதத்தை அதற்குள் அடைக்க முடியுமா? ஆகவே துள்ளும் பையனை மட்டும் வைத்துக் கொண்டார்கள். அந்தக் காடு போயிற்று. அந்த இருவர் போனார்கள். அழுது முடித்த குரல் போயிற்று. உலகம் கேட்டது சிரிப்பை மட்டும்தான். முழுப் பாட்டையும் கேட்காதவர்கள், “ஏதோ குழந்தைப் பாட்டு” என்று நினைத்துக் கொள்வதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை.

1954-ல், 82 வயதில், ஆல்வேனே கோலைக் கையில் எடுத்து ஸ்டாக்ஹோம் கோஷ்டியை நடத்தி முழுப் பாட்டையும் பதிவு செய்தார். 20 வயதில் பார்த்த இரவு. 31 வயதில் எழுதியது. 82 வயதில் மறுபடியும் அவர் கையால் விடிந்தது. அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது.

கடைசித் தையல்

“சுவீடன் ராப்சடி” என்று ஆல்வேன் மொத்தம் 3 எழுதினார். இரண்டாவது 1907-ல் உப்சாலா பல்கலைக்கழக விழாவுக்காக, மாணவர் பாட்டுகளை வைத்து எழுதியது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது 1931-ல் எழுதியது. “டாலர்னா ராப்சடி”. ஓவியர் சோர்ன் பிறந்த அதே மாகாணத்து மெட்டுகள். முதல் பாட்டு எழுதியவர்தானா இது என்று கேட்கத் தோன்றும். அவ்வளவு சோகம். ஊரை விட்டுத் தூரத்தில், மலைக் காட்டு மேய்ச்சல் நிலத்தில் மாடுகளோடு தனியாக இருக்கும் ஒரு பெண். அவள் நினைப்பு ஊரைச் சுற்றி வருகிறது. ஆரம்பத்திலேயே சாக்சபோன் தனியாக இழையும். நடன மண்டபத்து வாத்தியமான சாக்சபோன், இங்கே ஆளில்லாக் காட்டில் ஒலிக்கும். வாலிபத்தில் நடுவில் கொஞ்ச நேரம் வந்து போன அந்த இருட்டு, 59 வயதில் பாட்டு முழுவதும் பரவி விட்டது.

முதல் பாட்டுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்கு கூட இதற்குக் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

கடைசிக் காலத்தில் ஆல்வேன் அந்த டாலர்னா மாகாணத்திலேயே, லெக்சாண்ட் ஊருக்குப் பக்கத்தில் குடியிருந்தார். 1960-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி காலமானார். வயது 88. பனி உருகி, மரங்கள் துளிர் விடும் சமயம். நடுக்கோடைத் திருநாளுக்கு இன்னும் ஆறேழு வாரம் இருந்தது.

லெக்சாண்ட் மாதா கோவில் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்த ஊரில் நடுக்கோடைத் திருநாள் ரொம்பவும் பிரசித்தம். ஆயிரக் கணக்கில் கூட்டம் கூடும். ஏரியில் நீண்ட படகுகள் வரும். பிடில்காரர்கள் வரிசையாக நடந்து வருவார்கள். கம்பத்தைத் தூக்கி நிறுத்தியதும் ஆட்டம் தொடங்கும். இரவு 11 மணி ஆனாலும் வெளிச்சம் போகாது.